அசையாமல் நிற்கிறவள்

லெயோந்தினுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் முப்பத்தோரு வருடம் ஓவியர்களுக்கு முன்னால் அசையாமல் நின்றே போனது. பாரிஸில், மோன்பர்னாஸ் பக்கம் படம் வரையக் கற்ற பாதிப் பேர் அவள் முதுகைப் பார்த்துத்தான் கற்றார்கள். துணியில்லாமல் நிற்பதில் என்ன வெட்கம்? தச்சனுக்கு உளி மாதிரி அவளுக்கு உடம்பு. முக்கால் மணி நேரம் ஒரு விரல்கூட ஆடாது. அந்தத் திமிர் அவளுக்கு உண்டு, இருக்கட்டுமே!

சண்டை முடிந்தது, ஜெர்மன்காரன் போனான். கூடவே லெயோந்தினின் பிழைப்பும் போனது. இத்தனை சாவைப் பார்த்த பிறகு முகமும் தோளும் வரைய மனசு வரவில்லை என்றார்கள் ஓவியர்கள். வரைந்ததெல்லாம் கோடு, கறை, கட்டம். ஒருவன் சாயத்தில் மணலைக் குழைத்துக் கொத்தனார் மாதிரி பூசினான். இதற்கெல்லாம் எதிரே ஒருத்தி நிற்க வேண்டுமா என்ன? ஒவ்வொருவராகக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

கஸ்பார் ஒருவன்தான் வாரம் மூன்று நாள் கூப்பிட்டான். அவனும் இப்போது வரைவது பட்டை பட்டையாகக் கறுப்புதான். மாணவனாக இருந்த காலத்தில், "கழுதை, தலையைத் தூக்கு!" என்று அவளைப் பார்த்துக் கத்தியவன். கைதி முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகு ஆளே மாறிவிட்டான். "குளிருதா? உக்காருங்க, காபி போடட்டுமா?" என்பான். நிலக்கரி கிடைக்காத அந்தக் குளிர்காலத்தில், அவள் வரும் நாட்களில் மட்டும் அடுப்பை மூட்டினான்.

இவெத் ஒரு காலத்தில் ஓவியர்களுக்காக அவளோடு மேடையில் நின்றவள், இப்போது சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். ரொட்டி வாங்க நின்ற வரிசையில் பேச்சை ஆரம்பித்தாள்.

"அவன் குச்சி குச்சியா இழுக்கிறானாமே, அதுக்கு நீ எதுக்குடி? காசைக் கையில போட்டா நீ வாங்க மாட்டேன்னு, மேடையில ஏத்திப் பிச்சை போடுறான்."

"வாயை மூடு. அவன் என்னைப் பாத்துத்தான் வரையிறான்."

"ஆமா, அந்தக் கறுப்புப் பட்டையில உன் மூக்கு எங்கன்னு காட்டேன்!"

வரிசையே சிரித்தது. லெயோந்தின் அன்று வாங்கிய ரொட்டியைப் பிய்க்காமல் அப்படியே வைத்துவிட்டாள். பசியென்றால் தாங்கிவிடுவாள், அது பழகினதுதான். ஆனால் வேலைக்காக இல்லாமல் இரக்கத்துக்காக நிறுத்தி வைத்திருக்கிறான் என்றால்? சீ! அப்படித்தான் என்றால் நாளையோடு முழுக்கு, சலவைக்கடையே போதும் என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் மேடையேறினாள். மூன்று வாரமாக அதே நிலைதான். பாரம் முழுக்க இடது காலில், வலது முழங்கால் லேசாக மடங்கி. எதிரே படம் தெரிந்தது. கறுப்புப் பட்டைகள், நடுவில் ஒரு மஞ்சள். தன்னைத் தேடித் தேடிப் பார்த்தாள். காணோம்.

அரைமணி நேரம் கழித்து, முப்பத்தோரு வருடத்தில் ஒருநாளும் செய்யாததைச் செய்தாள். வேண்டுமென்றே, மெல்ல, பாரத்தை வலது காலுக்கு மாற்றினாள். இடுப்பு ஒரு விரற்கடை இறங்கியது, அவ்வளவுதான்.

கஸ்பார் அவளைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். தூரிகையைத் தோய்த்து நீளமாக ஒரு கோடு இழுத்தான். கால் மாறியது அவனுக்குத் தெரியவே இல்லை, இவெத் சொன்னது சரிதான், பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான் என்று லெயோந்தின் நினைத்தாள்.

தூரிகை பறந்து வந்து சுவரில் மோதியது.

"ஏய்! இடது கால்! யாரு சொன்னா உன்னை மாத்தச் சொல்லி? பாரு, நீ சாஞ்சே, கோடும் சாஞ்சுபோச்சு! மூணு வாரமா உயிரை விட்டு வரையிறேன், நீ என்ன தூங்குறியா?"

'நீங்க' போன இடம் தெரியவில்லை. அந்தக் கோட்டைக் கத்தியால் பரக் பரக்கென்று சுரண்டினான். சுரண்டச் சுரண்டத் திட்டினான்.

பாரம் இடது காலுக்குத் திரும்பியது. லெயோந்தினுக்குக் கண் நிரம்பி வழிந்தது. எத்தனை சந்தோஷம், அடேயப்பா! துடைக்கக் கையை எடுக்க முடியாது, கையும் அதன் இடத்தில் இருக்க வேண்டுமே.

"லெயோந்தின்!" மறுபடி கத்தினான் கஸ்பார். "அழறதுன்னா இடைவேளையில அழு. தோள் ஆடுது."