பெயர் கேட்காத படிவம்

சந்தேகம் ஜெனீற்றாவோடு கூடப்பிறந்தது. கடல் அமைதி என்று வள்ளக்காரர் சொன்னாலும், தானும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். எழுவைதீவிலிருந்து ஊர்காவற்றுறைக்கு வள்ளத்தில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். கடற்றொழில் குடும்பத்தில் இவ்வளவு தூரம் படிக்க வந்த முதல் ஆளும் அவள்தான்.

அப்படிப்பட்டவள் ஒரு படிவத்திடம் ஏமாந்துபோனாள். பெண்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய எண்ணம், பாலியல் சுகாதாரம் என்று வகுப்பில் மூன்று நாள் நிகழ்ச்சி. நடத்த வந்த நிலாந்தி, பெயர் போட வேண்டாம், மனதில் உள்ளதை எழுதுங்கள் என்றாள். ஜெனீற்றாவும் எழுதித் தொலைத்தாள்: ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை, நாடியில் தாடிபோல முடி வளர்கிறது, எந்தப் பெடியனோடும் பழக்கமில்லை, சத்தியமாக இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில்தான் அவளுக்கு உறைத்தது. பெயர் கேட்காதவர்கள் ஊரைக் கேட்டிருந்தார்கள். அவளும் எழுவைதீவு என்று வடிவாக எழுதிக் கொடுத்திருந்தாள்.

மறுநாள் முழுக்க நிலாந்தியின் முகத்தையே வேவு பார்த்தாள். தன்னைப் பார்த்துக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாளோ? விரிவுரையாளர் காதில் போட்டுவிட்டாளோ? ஐந்து மாதம் என்ற கதை தீவுக்குப் போனால் மிச்சத்தைச் சனமே சேர்த்துக்கொள்ளும். அம்மா றோஸ் அன்றோடு படிப்பை நிறுத்திவிடுவாள்.

மூன்றாம் நாள் நேரே போய்த் தன் தாளைக் கேட்டாள்.

"நான் இன்னும் தாள்கட்டை அவிழ்க்கேல்லை. ஒருத்தற்றை பேரும் இல்லைத்தானே, நீரே பார்த்து எடும்," என்றாள் நிலாந்தி.

ஜெனீற்றா நம்பவில்லை. ஆனால் கட்டு உண்மையாகவே அவிழாமல்தான் கிடந்தது. அவிழ்த்துப் புரட்டினாள். நாலாவது தாள் நயினாதீவு. தின்பதையெல்லாம் தினமும் வாயில் விரல்விட்டுச் சத்தியெடுப்பதாகவும், கண்ணாடி பார்க்கவே பயமென்றும் எழுதியிருந்தது.

நயினாதீவிலிருந்து வருகிறவள் வகுப்பில் ஒருத்திதான்: குருக்களின் மகள் சிவப்பிரியா. அவளுடைய மெலிந்த உடம்பைப் பார்த்து வகுப்பே பொறாமைப்படும், ஜெனீற்றா உட்பட.

வெட்கம் பிடுங்கித் தின்றது. யார் வாசிப்பார்களோ என்று பயந்து செத்தவள், இன்னொருத்தியின் தாளை வாசித்துவிட்டாள்.

நிலாந்தியிடம் கறுப்புப் பேனை வாங்கி முப்பத்தொரு தாளிலும் ஊர்ப்பெயரை அடித்து மறைத்தாள். தன்னுடையதையும் அவற்றோடு சேர்த்தே கட்டினாள். கட்டிய பிறகும் போகாமல் நின்றாள்.

"அக்கா, ஐஞ்சு மாசமா எனக்கு வரேல்லை. ஆரிட்டைக் காட்டலாம்?"