பனையில் இருந்தது வேறு ஆந்தை

எலியின் தாடை எலும்பு எவ்வளவு சின்னது என்பது, அதைத் தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈர்க்குச்சியால் மயிரையும் தூசியையும் விலக்கி எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தச் சிரட்டையிலிருந்து நனைந்த கோணியின் வாடை வரும். ஆந்தை தான் விழுங்கியதில் செரிக்காத எலும்பையும் மயிரையும் ஒரு உருண்டையாகத் திரட்டி வாய்வழியே கக்கிவிடும். எங்கள் தெருப் பிள்ளைகள் அதை "ஆந்தை வாந்தி" என்றார்கள், அதைப் பொறுக்கித் திரிந்த எனக்கும் அதையே பட்டப்பெயராக வைத்தார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

எண்பதுகளின் கடைசியில், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே வயலை மனைகளாகப் பிரித்து எல்லைக்கல் நட்டிருந்த இடத்தில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டு போனபோது, சுற்றிலும் முள்ளும் பனையும், ஓடு சரிந்து மூடிக்கிடந்த ஒரு அரிசி ஆலையும், அதற்கு அப்பால் கைவிட்ட கல்குவாரியும்தான் இருந்தன. ஆந்தை தேட இருட்ட வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் தேடியதெல்லாம் பட்டப்பகலில். காக்கையும் கரிச்சானும் ஒரே மரத்தைச் சுற்றிக் கூச்சல் போட்டால் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். அடியில் சுண்ணாம்பு சிந்தினாற்போல எச்சம் இருந்தால் உருண்டையைத் தேட வேண்டும். உருண்டையை உடைத்தால் அது யார் வீடு என்று தெரிந்துவிடும். வண்டின் சிறகுகள் மினுக்கினால் புள்ளி ஆந்தை. முழு எலி மண்டையோடு கிடைத்தால் கூகை. பள்ளி நூலகத்தில் கிடைத்த, அட்டை போன ஒரு பறவைப் புத்தகமும் என் பிடிவாதமும் தவிர எனக்கு இதில் வேறு துணை கிடையாது.

கண்டதையெல்லாம் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் வரைந்து, பக்கத்திலேயே வழியும் போட்டு வைத்தேன். முதல் பக்கம் குவாரிப் பாறையில் இருந்த கொம்பன் ஆந்தை. இரண்டாம் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து எண்பதாவது அடியில் நின்ற மொட்டைப் பனையின் பொந்தில் குடித்தனம் செய்த புள்ளி ஆந்தை ஜோடி. மூன்றாம் பக்கம் அரிசி ஆலையின் உத்தரத்தில் இருந்த கூகை. அந்தக் கூகைதான் விளக்கு வைக்கிற நேரத்தில் ஆலையிலிருந்து கிளம்பி, எங்கள் மொட்டைமாடிக்கு மேலே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு வயல் பக்கம் போகும்.

அப்பா உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பூனை குறுக்கே போனால் வேண்டுமென்றே அதன் பின்னால் நடப்பவர். ராகுகாலத்தில் வீட்டுக்கு அடிக்கல் நாட்டியதைப் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தவர். "கண்ணால பாரு, கையால தொடு, அப்புறம் நம்பு" என்பது அவர் வாயிலிருந்து தினமும் வரும். ஆனாலும் என் நோட்டை அவர் ஒருநாளும் கேட்டதில்லை, பொட்டைப்பிள்ளை முள்ளில் திரிகிறாள் என்று அம்மாவிடம் குறைப்படுவதோடு சரி.

முழுப்பரீட்சை சமயத்தில் அம்மா டைபாய்டில் விழுந்தாள். தாம்பரத்து டாக்டர், "ரெண்டு வாரம் தாண்டிட்டா பயமில்ல" என்றார். மூன்றாம் நாள் மாலை கூகை கத்திக்கொண்டு போனபோது, கஞ்சி கொடுக்க வந்திருந்த எதிர்வீட்டு சரோஜா அக்கா அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "தெனம் உங்க வூட்டாண்டதான் கத்திகினு கீது சார். சாக்குருவி அது. எதுனா பண்ணு சார்." அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, உன் ஆந்தை நோட்டைக் கொண்டா, பாக்கலாம்." நான் ஓடினேன். அந்த ஓட்டத்தின் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது. முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார், வழியில் விரல் வைத்து எண்பது அடி என்பதைப் படித்தார். "நல்லா வரைஞ்சிருக்க" என்று நோட்டை மூடிக் கொடுத்தார். மூன்றாம் பக்கத்தை அவர் திருப்பவே இல்லை.

கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்தபோது பனை விழுந்துகிடந்தது. பொந்து இருந்த இடம் பிளந்து, வெள்ளைத் தூவி மூடிய மூன்று குஞ்சுகள் மண்ணில் கிடந்தன, அதற்குள் எறும்பு வந்துவிட்டது. பள்ளிக்கு லீவு போட்டிருந்த அப்பா, மரம் வெட்டிய ஆளுக்கு வாசலில் நின்று மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை அவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்காததுபோல இருந்தார்.

அன்று மாலையும் கூகை கத்தியது. சரோஜா அக்காவே அதற்கும் காரணம் கண்டுபிடித்தார். "ஜோடியைத் தேடிகினு அலையுது. ரெண்டு நாள்ல தானா பூடும்." அப்பா என் பக்கம் திரும்பி, "அப்படியா பாப்பா?" என்று கேட்டார். பனையிலிருந்தது வேறு, இது வேறு, பனை ஆந்தை இந்தச் சத்தமே போடாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆலைக்குப் போவார்கள். "ஆமாப்பா" என்றேன். உள்ளே போய் மூன்றாம் பக்கத்தைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

அதற்குப் பிறகான பத்து நாட்களை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆந்தை கத்தி யாரும் சாவதில்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே பயந்துவிட்ட பிறகு, நான் எதை நம்புவது? தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, அந்தச் சத்தம் வரும்போது அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். கூகையைக் காப்பாற்ற அம்மாவைக் கொல்கிறேனோ என்று நினைப்பேன். ஒருநாள் சொல்லிவிடுவது என்று அப்பாவின் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன்.

அம்மா பிழைத்தாள். கூகை கத்திக்கொண்டேதான் இருந்தது, ஆனால் அதன்பின் எங்கள் வீட்டில் யாருக்கும் அது கேட்கவில்லை. "பனைய வெட்னது நல்லதா பூச்சு சார்" என்று சரோஜா அக்கா சொன்னபோது அப்பா மறுக்கவில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் பழையபடி கண்ணால் பார், கையால் தொடு என்று ஆரம்பித்துவிட்டார். நான் நோட்டை மறுபடி தொடவில்லை.

இன்று அங்கே ஒரு பனை கிடையாது. ஆலையை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டி, அதையும் இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். குவாரியைக் கட்டட இடிபாடு கொட்டித் தூர்த்துவிட்டார்கள். அம்மா எழுபத்தைந்து வயதில் என்னோடு இருக்கிறாள். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் சாவதற்கு முந்தைய பொங்கலுக்கு, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் ஒரே ஒரு முறை கேட்டேன்: "அந்த மொட்டைப் பனையை எதுக்குப்பா வெட்டுனீங்க?"

"கரண்டு கம்பி இழுக்க வெட்டினாங்கம்மா" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

உங்கம்மா போயிடுவாளோன்னு பயந்துட்டேன் பாப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தப் பயம் என்னவென்று என்னைவிட யாருக்குத் தெரியும், அந்த நிமிடமே மன்னித்திருப்பேன். அவர் பக்கத்தைப் புரட்டி விளையாட்டுச் செய்திக்குப் போனார். நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.