ஆற்றில் குதித்தவள்

தொண்ணூறுகளின் நடுவில் கொடகவெலக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோட்டத்தில் எண்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருந்தார். இளம் வயதில் மதராசில் ஊமைப்படங்களில் கதாநாயகியாக நடித்தவர். படங்கள் பேசத் தொடங்கியதும் நடிப்பை விட்டுவிட்டு, இங்கே தேயிலை ஆலையில் டீமேக்கராக இருந்தவரைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்தார். குரல் எடுபடவில்லை, அதனால்தான் வாய்ப்புப் போனது என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் மறுத்ததில்லை.

அவர் பெயர் வாங்கிய காட்சியைத் தோட்டமே அறியும். வெள்ளத்தில் போகும் குழந்தையைக் காப்பாற்றக் கதாநாயகி ஆற்றில் குதிப்பாள். அவருடைய புருஷன் உயிரோடு இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். படத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

பள்ளிக் கலைவிழாவுக்கு அவரை அழைத்தேன். அந்தக் காட்சியைப் பிள்ளைகளை வைத்து நடித்துக் காட்ட ஏற்பாடு செய்துவிட்டு, அவரிடம் சொல்லாமல் இருந்தேன். பார்த்ததும் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன்.

பிள்ளைகள் நீலச் சேலைகளை இரண்டு பக்கமும் பிடித்து அலையாக ஆட்டினார்கள். கொண்டை போட்ட சிறுமி ஒருத்தி வாங்குப் பலகைமேல் ஏறி நின்றாள். முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துவிட்டார்.

"வேணாம்டி! எறங்காத! தண்ணி இழுக்குதுடி!"

அதுவும் நடிப்பென்று நினைத்து எல்லோரும் கைதட்டினோம். சிறுமி குதித்தாள். அம்மா தடுமாறி ஓடி, சேலைகளுக்குள் கிடந்தவளை அள்ளிப் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை. அப்போதுதான் எனக்கு ஏதோ தவறென்று பட்டது. மெல்ல விலக்கி, வகுப்பறைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தேன்.

"குதிச்சது நான் இல்லீங்க டீச்சர். என் தங்கச்சி" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்குத் தண்ணின்னா பயம். காய்ச்சல்னு பொய் சொன்னேன். அவளுக்கு நீச்சல் தெரியும். என் சேலையக் கட்டிக்கிட்டு, 'அக்கா, பாத்துக்கிட்டே இரு'ன்னு சொல்லிட்டுக் குதிச்சா. வரவே இல்ல."

"படம் பிடிக்கிறத நிப்பாட்டலையா?"

"கேமராவச் சுத்திக்கிட்டே இருந்தாங்க. அதையே படத்துல போட்டாங்க. கொட்டகையில சனம் என் பேரச் சொல்லி விசிலடிச்சுச்சு. அதப் பாத்துட்டுத்தான் இன்னும் படம் வந்துச்சு. எல்லாத்துக்கும் சரின்னேன். பேசுற படத்துக்கும் கூப்பிட்டாங்க. அதுக்கு மேல என்னால முடியல."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அவரு அந்தக் காட்சியப் பாத்துத்தானே என்னக் கட்டுனாரு. எப்புடிச் சொல்றது?"

சிறுமி வாசலில் வந்து நின்றாள். "நான் நல்லா குதிச்சேனா?" என்று கேட்டாள். அம்மா அவளைப் பக்கத்தில் இழுத்து, தலையைத் தடவினார். "நல்லா குதிச்ச கண்ணு."

நான் அவரிடம் படங்களைப் பற்றி எவ்வளவோ துருவியிருக்கிறேன். கூடப் பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். சவ ஊர்வலம் புறப்படுமுன் கோயில் தலைவர் இரண்டு வார்த்தை பேசினார். ஆற்றில் குதித்த வீரப்பெண் என்றார். சனம் தலையாட்டியது. உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் தங்கையைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்ல வேண்டுமென்று இருந்தது. ஆனால், அம்மாவை அந்த இடத்தில் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தலைகுனிந்து நின்றேன்.