சுவரை விட்டு வராத பிரதமர்

அப்பா பொதுப்பணித் துறையில் தச்சர். அரசு அலுவலகங்களில் பிரதமர் படத்தை மாட்டுவது அவர் பொறுப்பு. பிரதமர் பதவிக்கு வந்த ஆண்டில் படம் ஒரு முழம் இருந்தது. பாலம், துறைமுகம், சுரங்கம் என்று ஒவ்வொன்றாக அவருடைய மைத்துனர்கள் கைக்குப் போகப் போகப் படமும் வளர்ந்தது. கடைசியில் ஆள் உயர இரும்புத் தகடு, முப்பது கிலோ.

நீதிமன்றத்தில் ஒரு படம் விழுந்தது. மாட்டியவரைச் சதிகாரர் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அப்பா மூலைக்கு ஒரு துளை போட்டு, பசை ஊற்றி, ஐந்து அங்குல போல்ட்டை இறக்கினார். இறுக்கியதும் அதன் தலையை அரத்தால் ராவி வழவழப்பாக்கிவிடுவார். ஸ்பேனர் பிடிக்காது.

"அந்தாளு நாற்காலியை விட்டாலும் உங்க சுவத்தை விட மாட்டார்" என்று அம்மா சிரித்தாள்.

அப்படியே ஆனது. பாலம் ஒன்று இடிந்து, அதன் ஊழல் வெளியே வந்தது. பிரதமர் ராஜினாமா செய்தார், மறுவாரம் கைதானார். மாலைக்குள் படங்களை இறக்க உத்தரவு. மற்ற தச்சர்கள் இறக்கிவிட்டார்கள். அப்பா மாட்டிய இருநூற்றுப் பதினாறும் அசையவில்லை.

புதிய அதிகாரி கூப்பிட்டார்.

"என்னய்யா, அவர் மேல அவ்வளவு பக்தியா?"

"பக்தி இல்லீங்க, பயம்."

"பயந்தவன் இப்படியா மாட்டுவான்?"

"பயந்தவன்தாங்க இப்படி மாட்டுவான்."

அதிகாரி சிரிக்கவில்லை. அப்பாவின் ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. அதற்குள் அத்தனையையும் அப்பாவே பெயர்க்க வேண்டும் என்றார். தவறினால் பழைய ஆட்சியின் கையாள் என்று பணிநீக்கம், ஓய்வூதியம் கிடையாது.

நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு. போல்ட்டைச் சுற்றி உளியால் கொத்தி, தகட்டை இறக்கி, குழியைப் பூச வேண்டும். வாயில் கட்டிய துணி மதியத்துக்குள் சுவர்த் தூசியில் வெளுத்துவிடும். குமாஸ்தாக்கள் மேசையை மூடிக்கொண்டு, "வந்துட்டாருப்பா பழைய பிரதமரோட மாப்பிள்ளை" என்பார்கள். அப்பா பதில் பேசுவதில்லை. பேச மூச்சு வேண்டும்.

"விட்டுத் தொலைங்க. இருமியே செத்துடுவீங்க" என்றாள் அம்மா.

"முப்பத்தொரு வருஷம். இப்ப விட்டா உனக்கு என்னடி மிஞ்சும்?"

கடைசிப் படம் அதிகாரியின் அறையிலேயே இருந்தது. ஓய்வுக்கு முந்தின நாள் அதை இறக்கினார். அதிகாரி கையெழுத்துப் போட்டார். மூன்று மாடி இறங்க அப்பாவுக்கு அரை மணி நேரம் ஆனது.

நுரையீரல் முழுக்கத் தூசி என்றார் மருத்துவர்.

ஓய்வூதியத்தை ஒன்பது மாதம் அப்பாவே போய் வாங்கினார். பத்தாவது மாதத்திலிருந்து அது பாதியாக, அம்மா பெயரில் வருகிறது.