நாலு மணிக்கு இரண்டு வீடுகள்

எங்கள் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகு சூடாக இருக்கும். மெல்பேர்னின் ஜூலை மாதக் குளிர்ப் பின்னேரங்களில், பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு அதைப் போட்டுவிட்டு, சூடேறியதும் பின்பக்கத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு நிற்பேன். சுட்ட தூசியின் மணம் மூக்கில் ஏறும். ஹீட்டர் போட எனக்கு அனுமதி இல்லை. தனியாக இருக்கும் பிள்ளை ஹீட்டர் போட்டால் வீடு எரிந்துவிடும் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாங்கள் கிளேட்டனில், ரயில் பாதைக்குக் கிட்ட, ஒரு மாடிக் குடியிருப்பின் மேல் தளத்தில் இருந்தோம். அம்மாவுக்கு முதியோர் இல்லம் ஒன்றில் பின்னேர வேலை, அப்பாவுக்குத் தொலைவில் ஒரு தொழிற்சாலை. நான் கழுத்தில் தொங்கிய திறப்பால் கதவைத் திறந்து, உள்ளே போய் மறுபடி பூட்டி, அம்மா வரும்வரை இருக்க வேண்டும். "ஆர் தட்டினாலும் திறக்காத. தனிய இருக்கிறனெண்டு பள்ளிக்கூடத்தில சொல்லிப் போடாத. கவர்மென்ட் வந்து பிள்ளையைக் கொண்டு போயிடும்" என்ற புத்திமதி ஒவ்வொரு காலையும் சாப்பாட்டுப் பெட்டியோடு சேர்த்தே தரப்பட்டது. கவர்மென்ட் என்பவர் பெரிய சப்பாத்துப் போட்ட ஓர் ஆள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

நாலு மணிக்கு ஒரு சனலில் அமெரிக்க வீடு வரும். நாலரைக்கு இன்னொன்றில் ஜப்பான் வீடு வரும்.

அமெரிக்க வீட்டில் வாசல் கதவை யாரும் பூட்டுவதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் தட்டாமல் கொள்ளாமல் நேரே குசினிக்குள் புகுந்து பிரிட்ஜைத் திறப்பான். சப்பாத்துக் காலோடு கட்டிலில் ஏறுவார்கள்; அதற்காக ஒரு பிள்ளையாவது அடி வாங்கியதை நான் பார்த்ததில்லை. யாராவது வாய் திறந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் சிரிக்கும். என்ன பகிடி என்று பாதி நாள் விளங்காது, ஆனாலும் அந்தச் சிரிப்புக்காகவே சத்தத்தைக் கூட்டிவைப்பேன். எங்கள் வீட்டிலும் ஆட்கள் நிறைந்திருப்பது போல இருக்கும். பிள்ளைக்கு மனம் நொந்தால் தாயோ தகப்பனோ சோபாவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்ன பிரச்சினை என்று கேட்பார்கள், பிள்ளை சொல்லும், கட்டிப்பிடிப்பார்கள், "ஐ லவ் யூ" என்பார்கள். விளம்பரங்கள் போக அரை மணிக்குள் எல்லாம் சுகமாகிவிடும்.

ஜப்பான் வீடு கார்ட்டூனில் வரைந்தது. அங்கே நமக்காகச் சிரிக்க யாரும் இல்லை. மழை பெய்தால் அது பாட்டுக்குப் பெய்துகொண்டிருக்கும். ரயில் கடவையில் ஒரு சிறுமி நிற்பாள், ரயில் முழுதாகப் போய் முடியும்வரை நாமும் அவளோடு நிற்க வேண்டும். பிறகு அவள் தானே கதவைத் திறந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, வெறும் வீட்டைப் பார்த்து, வந்துவிட்டேன் என்று சொல்லுவாள். மறுமொழி வராது. மூடிவைத்த சோற்றை எடுத்துச் சாப்பிடுவாள். சில நாட்களில் கதையே அவ்வளவுதான். காலையில் வெளிக்கிடும்போது எங்களைப் போலவே, போய்வருகிறேன் என்று சொல்லித்தான் போவாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவளாக இருக்க எனக்குத் துளியும் விருப்பம் இருக்கவில்லை. எனக்கு அமெரிக்க வீடுதான் வேண்டும்.

ஒருநாள் அமெரிக்க வீட்டில், காலையில் தாயோடு சண்டை பிடித்த மகள் பின்னேரம் தாயின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து "ஐ லவ் யூ" என்றாள். தாய் கையிலிருந்த காகிதங்களைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். காணாத கூட்டம் கை தட்டியது. இவ்வளவு லேசான வேலையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் வீட்டிலும் தொலைபேசி இருந்தது. அதற்கு மேலே சுவரில், ஆபத்துக்கு மட்டும் என்று அம்மாவின் வேலையிட இலக்கம் ஒட்டப்பட்டிருந்தது.

எடுத்தேன். யாரோ ஒரு நர்ஸ் போய், எந்தக் கிழவியையோ குளிப்பாட்டிக்கொண்டு நின்ற அம்மாவைக் கூட்டி வந்தார்.

"ஐ லவ் யூ, அம்மா."

அந்தப் பக்கம் சிரிப்பில்லை.

"ஆர், பிள்ளை, பக்கத்தில நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

தொடர்பு அறுந்தது. ஜப்பான் வீடு தொடங்கிச் சிறிது நேரத்தில் மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. கூட வேலை செய்யும் பெண்ணின் காரில் வந்து இறங்கிய அம்மா, நீல யூனிபோர்முடன் கதவைத் திறந்து, முதலில் அடுப்பைப் பார்த்தார், பிறகு கட்டிலின் கீழ் பார்த்தார், கடைசியில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் கையில் சவர்க்கார மணம் இருந்தது.

"என்ன செய்தனி? சொல்லு, அம்மா அடிக்க மாட்டன்."

"ஒண்டும் செய்யேல்லை."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனி?"

"சும்மா."

"சும்மா ஆரும் அப்பிடிச் சொல்லுவினமோ?"

தொலைக்காட்சியில் சொல்கிறார்கள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் அன்பென்றால் தலைக்கு எண்ணெய், பிட்டுக்குள் கூடுதலாகத் தேங்காய்ப்பூ. அதைச் சொல்லில் எடுத்து யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை. கொடுத்தால், சாகப் போகிறவர்கள்தான் கொடுப்பார்கள் என்று அம்மா நினைத்திருக்கிறார்.

களைத்துப்போய்க் கதிரையில் உட்கார்ந்தார். ஜப்பான் சிறுமி அப்போதுதான் கதவைத் திறந்து வெறும் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தப் பிள்ளையின்ர தாய் எங்க?"

"வேலைக்கு."

"சாப்பாடு?"

"மூடி வச்சிருக்கும். அவளே எடுத்துச் சாப்பிடுவாள்."

"பாவம்" என்றார் அம்மா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னார்.

கீழே கார் ஹோர்ன் அடித்தது. "போட்டு வாறன், பிள்ளை. கதவைப் பூட்டு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பூட்டினேன். அவர் இருந்த கதிரையில் போய் உட்கார்ந்து அழுதேன். அதற்கு முன் அந்தப் பின்னேரங்களில் நான் அழுததில்லை. தனிமை என்றால் இதுதான் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். அம்மா வந்துவிட்டுப் போன பிறகுதான் தெரிந்தது. அந்த இலக்கத்துக்கு நான் பிறகு எடுத்ததே இல்லை.

மனதில் உள்ளதைச் சொன்னால் ஆறிவிடும் என்றது அமெரிக்க வீடு. சொல்லி என்ன, சோறு ஆறமுன் சாப்பிடு என்றது ஜப்பான் வீடு. எது சரி என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. என் மகன் அமெரிக்கப் பக்கம். சிட்னியில், கெல்லிவில்லில் பிறந்து வளர்ந்தவன், பள்ளி பஸ் டிரைவருக்கும் "லவ் யூ" சொல்லக்கூடியவன். இரண்டு நாட்டு நிகழ்ச்சிகளும் அவன் டேப்லெட்டுக்குள் எந்நேரமும் கிடக்கின்றன, நாலு மணிக்கென்று காத்திருக்க எதுவும் இல்லை. நான் வீட்டிலிருந்தே வேலை செய்வதால் அவன் வரும்போது இருக்கிறேன். காதில் ஹெட்போனோடு என்னைத் தாண்டிப் போவான். நான் இருப்பதை அவன் கவனிப்பதில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

கிளேட்டனில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த ரயில் கடவை இப்போது இல்லை, ரயில் மேலே பாலத்தில் ஓடுகிறது. சூடேறும் பெட்டிகளும் போய்விட்டன. அப்பாவும் போய்விட்டார். பின்னாளில் வாங்கிக்கொண்ட அதே மாடி வீட்டில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா தனியாக இருக்கிறார். எங்களோடு வரச் சொன்னால் "பாப்பம்" என்பார்.

சென்ற முறை போயிருந்தபோது, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அம்மா தேநீருக்குக் கேத்தலைப் போட்டுவிட்டு யன்னலடியில் போய் நின்றார். கீழே பிள்ளைகள் பையும் தொப்பியுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா பாக்கிறீங்கள்?"

"பிள்ளையள் வருகினம்" என்றார்.

கடைசிப் பிள்ளையும் தெருமுனையில் திரும்பும்வரை நின்றார். நான் எட்டு வயதில் வேண்டுமென்று கேட்ட அம்மா, கேட்ட அதே நேரத்தில், கேட்ட அதே வீட்டில் இருந்தார். அவர் காத்து நின்ற பிள்ளை நாற்பதை நெருங்கி, அன்றிரவு சிட்னி விமானத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.