செத்தும் கொட்டிய சொறி

பாகலூரிலிருந்து ஓசூர் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவள் நான். அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. மாசி மாதம், உடன் வேலை செய்யும் செல்வியின் ஊருக்கு, ராமநாதபுரம் கடலோரத்துக்கு, மகளோடு போனேன்.

மணலில் கவிழ்த்து வைத்த கண்ணாடிக் கிண்ணம் போல ஒன்று அசையாமல் கிடந்தது. "எடுத்துப் பாரு கண்ணு, செத்துதான் கெடக்குது" என்று நானே சொன்னேன். ஏழு வயது மகள் இரு கையாலும் அள்ளினாள். மறுநொடி அலறினாள். பதறிப்போய்க் குடிநீரை ஊற்றித் துண்டால் தேய்த்தேன். அவள் கை வரிவரியாகத் தடித்தது, மூச்சு வாங்கியது.

மீன்பிடிக்கும் செல்வியின் அண்ணன் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"தேய்க்காதீங்கம்மா! நல்ல தண்ணி ஊத்துனா விஷம் இன்னும் ஏறும். இது சொறி, ஜெல்லி மீனுன்னு சொல்வாங்களே, அதுதான். செத்தாலும் கொட்டும்."

கடல்நீரால் கழுவிவிட்டு, எங்களைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். ஊசி போட்டு ஒருமணி நேரம் கழித்துத்தான் அவளுக்கு மூச்சு சீரானது. அதற்குள் செல்வியும் அங்கே வந்து சேர்ந்தாள்.

"மாசியில சொறி வராதேண்ணே?" என்றாள் செல்வி.

"முன்ன சித்திரையிலதான் வரும். இப்ப தண்ணி சீக்கிரமே சூடாயிருது, இதுவும் கூட்டங்கூட்டமா முந்திக்கிட்டு வந்துருது" என்றார்.

இப்போது எந்தக் கடற்கரைக்குப் போனாலும், எந்த மாதமானாலும், மீனவர் ஒருவரிடம் "சொறி வந்திருக்குதாங்க?" என்று கேட்ட பிறகே மகளின் கையை விடுகிறேன்.