தலைமாட்டில் நட்ட காட்டாமணக்கு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். செடி வளர்க்கும் வலைக்கூடத்தில் என்னோடு வேலை செய்த முஸ்லிம் பெரியவருக்கு, அண்ணன் முறையில் நான் 'நானா' என்று கூப்பிடுபவருக்கு, அது நன்றாகத் தெரியும். அலுவிகாரை ஊரைத் தாண்டி எங்கள் ஆய்வுத் தோட்டம். விதையில் எண்ணெய் கூடுவதற்காக மரபணு மாற்றிய காட்டாமணக்கை அங்கே வளர்த்தோம். டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற நாட்டுக்கு, வேலிச் செடியிலிருந்து எரிபொருள் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு ஒரு பேராசை.

கவாத்து செய்த கிளைகளை நீராவியில் அவித்த பிறகுதான் குழியில் போட வேண்டும். "ஒரு குச்சிகூட வெளிய போகக்கூடாது" என்று நூறு தடவை கத்தியிருப்பேன். ஏன் என்று ஒரு தடவையாவது சொன்னேனா? இல்லை.

அவருடைய மனைவி மௌத்தாகி, அடக்கம் செய்து நாலு மாதம் இருக்கும். ஒருநாள் பிளேன்டீ குடிக்கும்போது முகம் மலர்ந்து சொன்னார்.

"மிஸ், நம்மட செடி அவட கப்ருல நல்லாத் தழைச்சி ஈக்கி."

கப்ரிலா, மனைவியின் புதைகுழியிலா! அடக்கம் செய்ததும் தலைமாட்டில் ஒரு பச்சைக் கிளை நடுவது அவர்கள் வழக்கம். பச்சை இருக்கும்வரை அது இறந்தவருக்காக இறைவனைத் துதிக்குமாம். சீக்கிரம் வாடாத கிளையாக நட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அவித்துக் குழியில் போடுவதுதானே என்று ஒன்றை எடுத்துப் போயிருக்கிறார்.

"உங்களுக்கு மூளை இருக்கா நானா? அது பூத்தா பூச்சி மகரந்தத்த பக்கத்து வேலிக் காட்டாமணக்குக்குக் கொண்டுபோகும். நாம மாத்தின மரபணு வேலிக்கு வேலி தாவி லக்கலக் காடு வரைக்கும் போனா யாரு புடிக்கிறது?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இத அண்டைக்கே சொல்லீந்தா நான் தொட்டீக்க மாட்டேனே, மிஸ்."

 விளக்கிச் சொல்லாதது என் பிழை என்றே மேலிடத்துக்கு எழுதினேன்.

அன்று பின்நேரம் அவரே செடியைப் பிடுங்கி, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். நல்லவேளை, மொட்டு விடவில்லை. வேரில் ஒரு பிடி மண் ஒட்டியிருந்தது.

"இது அவட தலைமாட்டு மண்ணு, மிஸ். இதயும் அவிக்கணுமா?"

விதிப்படி அவிக்கத்தான் வேண்டும். நான் மேசையில் பத்திரிகைத் தாளை விரித்தேன். இருவரும் கண்ணாடி போட்டுக்கொண்டு, மண்ணை விரலால் நொறுக்கி, மயிரிழை வேர்களை இடுக்கியால் பொறுக்கினோம். பிறகு இரண்டு தடவை சலித்தோம். எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே பொறுக்கினேன். செடியையும் வேர்களையும் நானே நீராவிப் பெட்டியில் போட்டு மூடினேன்.

மண்ணைத் தாளோடு மடித்துக் கொடுத்தேன். "கொண்டுபோய் அவங்ககிட்டயே போட்டுடுங்க, நானா."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நாலு மாசம் அவளுக்குப் பச்ச ஈந்திச்சே, மிஸ். அல்ஹம்துலில்லாஹ். நீங்க அழாதீங்க."

ஏசியவளுக்கு ஆறுதலும் அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.